சட்டியில் எவ்வளவு, அகப்பையில் எவ்வளவு: 2025 பருவத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் ரிசீவர்கள்

புலிப்பல் | 20 ஜூலை 2025

பயிற்சி முகாம் தொடங்கப் போகிறது. இந்த ஆண்டு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணியான பெங்கால்ஸின் ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு யார்டு (பந்தோடு முன்னேறும் தூரம்) எடுப்பார்கள் என்று இப்போதே பதிந்து வைப்போம், ஜனவரியில் எடுத்துப் பார்ப்போம். என் பட்டியல்:

ஜமார் சேஸ் 1,800
டீ ஹிக்கின்ஸ் 1,300
மைக் கெசிக்கி 800
ஆண்ட்ரே யோசிவாஸ் 700
சேஸ் பிரௌன் 500
மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 700

மார்ச் மாதம் சேஸுக்கு நான்கு ஆண்டுக்கு 161 மில்லியன் டாலர், ஹிக்கின்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 115 மில்லியன் டாலர். இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு ஓடி விளையாடவா போகிறார்கள்? எறிந்துகொண்டே இருப்பார்கள்.

கணக்கர் | 20 ஜூலை 2025

தம்பி, உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தீர்களா? 5,800 வருகிறது. என்எஃப்எல் வரலாற்றில் ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஒரு பருவத்தில் எறிந்த அதிகபட்ச யார்டு, 2013-ல் பெய்டன் மேனிங் எடுத்த 5,477. நம் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ அதை முந்நூறுக்கும் மேல் தாண்டினால்தான் உங்கள் பட்டியல் நிறைவேறும்.

ஒவ்வொரு ஆண்டும் இதே தவறைத்தான் எல்லாரும் செய்கிறோம். ஆளை ஆளாக எடுத்துக்கொண்டு, "இவருக்கு இவ்வளவு வரும், அவருக்கு அவ்வளவு வரும்" என்று போட்டுக்கொண்டே போகிறோம். ரிசீவர் பிடிக்கும் ஒவ்வொரு யார்டும் குவாட்டர்பேக் எறிந்த யார்டுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் முதலில் சட்டியை அளப்போம்.

2024-ல் பர்ரோ 17 ஆட்டங்களும் ஆடினார். 652 முறை எறிந்தார், 460 பிடிக்கப்பட்டன, 4,918 யார்டு, 43 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). யார்டிலும் டச்டவுனிலும் லீகிலேயே முதலிடம். அதைப் பங்கிட்டது இப்படி:

சேஸ்: 127 பிடிப்பு, 1,708 யார்டு, 17 டச்டவுன்
ஹிக்கின்ஸ் (12 ஆட்டம்): 73, 911, 10
கெசிக்கி: 65, 665, 2
பிரௌன்: 54, 360, 4
யோசிவாஸ்: 36, 479, 6
மற்றவர்கள்: 105, 795, 4

இனி 2025-க்கான சட்டி. 652 வீச்சு மறுபடி வருமா என்பதுதான் முதல் கேள்வி. வராது என்கிறேன். கடந்த ஆண்டு அவ்வளவு எறிந்ததற்குப் பர்ரோவின் திறமை பாதிக் காரணம், நம் தடுப்பாட்டத்தின் அவலட்சணம் மீதிக் காரணம். 33 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்த நான்கு ஆட்டங்களில் தோற்றோம்: வாஷிங்டனிடம் 38-33, பால்டிமோரிடம் 41-38, மறுபடி அதே பால்டிமோரிடம் 35-34, பிட்ஸ்பர்கிடம் 44-38. எதிரணி அடித்துக்கொண்டே இருந்தால் நாமும் எறிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். தடுப்பாட்டப் பயிற்சியாளர் லூ அனருமோவை அனுப்பிவிட்டு அல் கோல்டனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தடுப்பாட்டம் சுமாராகத் தேறினாலே போதும், நான்காவது கால் பகுதியில் பந்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிரௌன் கைக்குப் போகும், வீச்சு குறையும்.

ஆகவே 600 வீச்சு என்று வைக்கிறேன். வீச்சுக்கு யார்டு: 2021-ல் பர்ரோ 8.9, 2022-ல் 7.4, கடந்த ஆண்டு 7.5. இந்த ஆண்டுக்கு 7.4 போடுகிறேன். மொத்தம் 4,440. டச்டவுன் 34. அதற்குள் பங்கிட்டால்:

சேஸ்: 106, 1,390, 12
ஹிக்கின்ஸ்: 74, 1,010, 8
கெசிக்கி: 50, 520, 3
பிரௌன்: 50, 350, 3
யோசிவாஸ்: 38, 470, 4
மற்றவர்கள்: 90, 700, 4

கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பென்சிலால் போட்ட கணக்குதான், அழிக்கலாம்.

புலிப்பல் | 20 ஜூலை 2025

சேஸுக்கு 1,390-ஆ? போன ஆண்டு மூன்று கிரீடமும் சூடியவர் ஐயா. பிடிப்பு, யார்டு, டச்டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம். 25 வயது. இன்னும் உச்சத்துக்கே வரவில்லை. நீங்கள் முந்நூறு யார்டைப் பிடுங்கிவிட்டீர்கள்.

பழைய நாற்பத்தொன்பது | 20 ஜூலை 2025

மூன்று கிரீடம் என்றதும் எனக்குப் பேச உரிமை வந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் சான் பிரான்சிஸ்கோ 49ers ஆள்தான் 1970-க்குப் பிறகு அதை முதலில் சூடியவர். 1990-ல் ஜெர்ரி ரைஸ்: 100 பிடிப்பு, 1,502 யார்டு, 13 டச்டவுன். அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? 80 பிடிப்பு, 1,206 யார்டு. ரைஸுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எங்கள் குவாட்டர்பேக் ஜோ மான்டானாவுக்கு முழங்கை போயிற்று, 1991 பருவம் முழுக்க அவர் ஆடவே இல்லை. ஸ்டீவ் யங்கும் ஸ்டீவ் போனோவும் எறிந்தார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். யார்டு 296 குறைந்த அதே ஆண்டில் ரைஸின் டச்டவுன் 13-லிருந்து 14 ஆக ஏறியது. பிடிப்பு, யார்டு, டச்டவுன் மூன்றும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்கர் | 21 ஜூலை 2025

நன்றி ஐயா, நான் இழுக்க நினைத்த நூலை நீங்களே இழுத்துவிட்டீர்கள். 1970-க்குப் பிறகு, சேஸுக்கு முன் மூன்று கிரீடமும் சூடிய மீதி மூவரையும் பார்த்துவிடுவோம்.

ஸ்டெர்லிங் ஷார்ப், 1992-ல் 1,461 யார்டு, 1993-ல் 1,274. (பிடிப்பு மட்டும் 108-லிருந்து 112 ஆனது. தன் சாதனையைத் தானே உடைத்தார்.) ஸ்டீவ் ஸ்மித், 2005-ல் 1,563, அடுத்த ஆண்டு 14 ஆட்டத்தில் 1,166. கூப்பர் கப், 2021-ல் 1,947. அடுத்த ஆண்டு ஒன்பது ஆட்டத்தோடு காயம், 812.

நால்வருக்கும் யார்டு குறைந்தது. இதில் சாபம் எதுவும் கிடையாது. லீகிலேயே முதலிடம் வரவேண்டுமென்றால் திறமையோடு உடல்நலம், குவாட்டர்பேக்கின் உடல்நலம், ஆட்டங்கள் போன போக்கு எல்லாம் ஒரே ஆண்டில் கூடிவர வேண்டும். அடுத்த ஆண்டும் அத்தனையும் கூடிவருவது அரிது. சேஸுக்கே பாருங்கள்: 1,708 யார்டில் 457 யார்டு பால்டிமோருக்கு எதிரான இரண்டே ஆட்டங்களில் வந்தது. அக்டோபரில் 10 பிடிப்பு 193 யார்டு, நவம்பர் 7-ல் 11 பிடிப்பு 264 யார்டு. இரண்டிலும் சேர்த்து 5 டச்டவுன். மீதி 15 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 83 யார்டு.

அண்டங்காக்கை | 21 ஜூலை 2025

பால்டிமோர் ரசிகன் என்ற முறையில் அந்த இரண்டு ஆட்டங்களையும் பொதுவெளியில் எடுத்துப் பேசுவதை வன்மையாகக் கண்டிக்கிறேன். (இரண்டிலும் நாங்கள்தான் வென்றோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

ஒரு குறிப்பு: 264 யார்டு வந்த அந்த வியாழக்கிழமை இரவு ஹிக்கின்ஸ் ஆடவில்லை. ஹிக்கின்ஸ் 17 ஆட்டமும் ஆடினால் சேஸுக்கு அப்படிப்பட்ட இரவுகள் குறையும். ஹிக்கின்ஸ் ஆடாவிட்டால் கணக்கர் போட்ட 1,010 ஓட்டை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

மேசன் வாசி | 21 ஜூலை 2025

ஹிக்கின்ஸ் விஷயத்தில் கணக்கர் தாராளமாகத்தான் போட்டிருக்கிறார். 2020-ல் 16 ஆட்டம், பிறகு 14, 16, 12, 12. லீகில் 17 ஆட்டமான பிறகு ஒரு முறைகூட முழுப் பருவம் ஆடியதில்லை. கடந்த ஆண்டு முதல் இரண்டு ஆட்டம் தொடைப் பின்தசை, நடுவில் மூன்று ஆட்டம் முன்தொடை.

ஆனால் ஆடும்போது என்ன ஆட்டம்! டிசம்பர் 28-ல் டென்வருக்கு எதிராக நான் அரங்கத்தில் இருந்தேன். 11 பிடிப்பு, 131 யார்டு, மூன்று டச்டவுன், கூடுதல் நேரத்தில் வெற்றிப் பிடிப்பும் அவருடையதே. என் பக்கத்து இருக்கைக்காரர், அதுவரை முகம்கூடப் பார்த்துக்கொள்ளாதவர், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். குளிரில் மரத்துப்போன காலோடு கார் நிறுத்திய இடம்வரை ஓடினேன்.

ஆட்டத்துக்கு 76 யார்டு வீதம் எடுத்தார் கடந்த ஆண்டு. 14 ஆட்டம் ஆடினால் 1,060. எனவே 1,010-ஐ ஏற்றுக்கொள்கிறேன்.

புதுமுகம் | 22 ஜூலை 2025

மன்னிக்கவும், நான் இரண்டு ஆண்டாகத்தான் பார்க்கிறேன், அலுவலக ஃபேன்டசி லீகில் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் எடுக்கும் எண்களால் போட்டியிடும் விளையாட்டு) இந்த ஆண்டு சேர்த்துவிட்டார்கள். இரண்டு சந்தேகம். ஒன்று, குவாட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கும்போது பின்னால் போகும் யார்டு ரிசீவர் கணக்கில் கழியுமா? இரண்டு, டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டியவர்) கெசிக்கிக்கு 65 பிடிப்பு இருந்தும் டச்டவுன் ஏன் இரண்டே இரண்டு?

மேசன் வாசி | 22 ஜூலை 2025

முதல் கேள்விக்கு: கழியாது. அணியின் நிகர யார்டில்தான் கழியும். ஆனால் மடக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சு நடக்காமலே போகிறது. கடந்த ஆண்டு பர்ரோ 48 முறை மடக்கப்பட்டார். பர்ரோவைக் காக்கும் முன்வரிசை தேறினால் அதில் பத்து வீச்சாவது திரும்பக் கிடைக்கும். அந்த முன்வரிசையில் இடது கார்டு இடத்துக்கு டிலன் ஃபேர்சைல்டைப் புதுவீரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் எடுத்திருக்கிறார்கள். புதுப் பையனை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவதற்கு: கெசிக்கி பெயருக்கு டைட் எண்ட், உண்மையில் உயரமான ரிசீவர். அந்த இரண்டு டச்டவுனும் ஒரே ஆட்டத்தில் வந்தவை, ரெய்டர்ஸுக்கு எதிராக, 100 யார்டோடு. அன்றும் ஹிக்கின்ஸ் ஆடவில்லை. ஹிக்கின்ஸ் இல்லாத நாள் கெசிக்கிக்குத் திருவிழா, ஹிக்கின்ஸ் வந்த நாள் விரதம். உங்கள் லீகில் ஹிக்கின்ஸை எடுத்தால் கெசிக்கியைக் கடைசிச் சுற்றில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புலிப்பல் | 22 ஜூலை 2025

எல்லாம் சரி. ஆனால் கணக்கர் ஐயாவின் 1,390 எங்கிருந்து வந்தது? சேஸின் நான்கு ஆண்டுக் கணக்கு என்னிடம் இருக்கிறது: 62 ஆட்டம், 395 பிடிப்பு, 5,425 யார்டு, 46 டச்டவுன். ஆட்டத்துக்கு 87.5 யார்டு. 17-ஆல் பெருக்கினால் 1,487. அவருடைய சாதாரணமே அதுதான். நீங்கள் சாதாரணத்துக்கும் கீழே போட்டிருக்கிறீர்கள்!

கணக்கர் | 22 ஜூலை 2025

நல்ல அடி. இப்படித்தான் வாதாட வேண்டும், முதல் பட்டியலைப் போட்டவரும் நீங்களும் ஒருவர்தானா?

87.5-ஐ 16-ஆல் பெருக்கினேன், 1,400 வந்தது, பத்தைத் தட்டிவிட்டேன். நான்கு ஆண்டில் இரண்டு முறைதான் சேஸ் 17 ஆட்டமும் ஆடியிருக்கிறார். 2022-ல் இடுப்பு, 12 ஆட்டம். ஒரு ஆட்டமாவது போகும் என்று வைப்பதுதான் நியாயம். டச்டவுனுக்கும் அதே வழி: 46-ஐ 62-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 12.

உண்மையில் எனக்குக் கவலை சேஸ் இல்லை. பர்ரோ. ஐந்து ஆண்டில் அணி ஆட வேண்டிய 84 ஆட்டங்களில் 69-ல்தான் அவர் தொடங்கியிருக்கிறார். 82 சதவீதம். நான் 600 வீச்சு என்று போட்டதில் அவர் 17 ஆட்டமும் ஆடுவார் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அதற்காக என் கணக்கிலேயே எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

அண்டங்காக்கை | 22 ஜூலை 2025

நியாயமாகச் சொல்ல வேண்டும், விடுபட்ட 15-ல் இரண்டு ஆட்டம் காயத்தால் போனவை அல்ல. 2021-ன் கடைசி ஆட்டத்தில் ஓய்வு கொடுத்தார்கள். 2022-ல் பஃபலோவுடனான ஆட்டம், பஃபலோ வீரர் டமார் ஹாம்லின் களத்தில் சரிந்த இரவு, ரத்தாகிவிட்டது. காயத்தால் போனவை 2020-ல் ஆறு (முழங்கால்), 2023-ல் ஏழு (மணிக்கட்டு). பதின்மூன்று.

அந்த மணிக்கட்டு எங்கள் மைதானத்தில்தான் போனது. எதிரணி ரசிகனாக இருந்தும் அன்று கை தட்டத் தோன்றவில்லை.

கணக்கர் | 22 ஜூலை 2025

திருத்தத்துக்கு நன்றி. ஆனால் அந்தப் பதின்மூன்றும் இரண்டு ஆண்டில் கொத்தாகப் போனதைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று ஆட்டம் விடுபவர் அல்ல அவர். ஆடினால் முழுக்க ஆடுவார், விட்டால் பாதியை விடுவார். இப்படிப்பட்டவருக்குச் சராசரி போட்டு 14 ஆட்டம் என்று எழுதினால் அது எந்த ஆண்டுக்கும் பொருந்தாத எண். அதனால்தான் 17 என்றே விட்டேன்.

மேசன் வாசி | 23 ஜூலை 2025

விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2023-ல் மாற்றுக் குவாட்டர்பேக் ஜேக் பிரௌனிங் ஏழு ஆட்டம் தொடங்கினார், நான்கு வெற்றி. அந்தப் பருவத்தில் 243 வீச்சு, 1,936 யார்டு. வீச்சுக்கு 8 யார்டு! அதே ஆண்டில் காயத்தோடு தடுமாறிய பர்ரோவுக்கு 6.3 தான். ஜாக்சன்வில்லில் நடந்த திங்கள் இரவு ஆட்டத்தில் சேஸ் 11 பிடிப்பு 149 யார்டு எடுத்தது பிரௌனிங் எறிந்துதான்.

புலிப்பல் | 23 ஜூலை 2025

பிரௌனிங் பேச்சையே எடுக்காதீர்கள். வாயைக் கழுவுங்கள்.

பழைய நாற்பத்தொன்பது | 24 ஜூலை 2025

தடுப்பாட்டம் தேறும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் டிரே ஹென்ட்ரிக்சன் கடந்த இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 17.5 முறை எதிரணிக் குவாட்டர்பேக்கை மடக்கியவர். அவருடைய ஒப்பந்தமே இன்னும் முடிவாகவில்லை. அவரும் இல்லாவிட்டால் நீங்கள் 700 முறை எறிய வேண்டியிருக்கும். தோற்றுக்கொண்டே சேஸுக்கு 1,800 வரலாம். அப்படிப் பார்த்தால் தம்பி புலிப்பல் தவறான காரணத்துக்காகச் சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

புலிப்பல் | 24 ஜூலை 2025

சரியான எண் என்றால் போதும், காரணம் எதுவாக இருந்தால் என்ன.

மேசன் வாசி | 8 செப்டம்பர் 2025

முதல் வாரம். கிளீவ்லாந்தில் 17-16 என்று தப்பித்தோம். பர்ரோ மொத்தமே 113 யார்டு. சேஸ் 2 பிடிப்பு, 26 யார்டு. எறிந்த ஒரே டச்டவுன் ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்த டைட் எண்ட் நோவா ஃபான்டுக்கு. இவ்வளவு பேர் சண்டை போட்டோம், அந்த மனிதர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கணக்கர் | 8 செப்டம்பர் 2025

"மற்றவர்கள்" வரிசையில் 4 டச்டவுன் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று இது. அவரும் கெசிக்கியும் ஒரே தட்டில் உண்பவர்கள் என்பதால் கெசிக்கியின் 520-ஐ 430 ஆக்குகிறேன்.

புதுமுகம் | 8 செப்டம்பர் 2025

என் முதல் தேர்வு சேஸ். 2 பிடிப்பு. அலுவலகத்தில் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது இடம்.

மேசன் வாசி | 15 செப்டம்பர் 2025

எழுதவே மனம் வரவில்லை. நேற்று ஜாக்சன்வில்லை 31-27 என்று வென்றோம். இரண்டாவது கால் பகுதியில் பர்ரோ மடக்கப்பட்டார், எழுந்து நொண்டிக்கொண்டே போனார். கால் பெருவிரல். அறுவை சிகிச்சை, குறைந்தது மூன்று மாதம் என்கிறார்கள்.

பிரௌனிங் வந்தார். மூன்று பந்தை எதிரணிக்குக் கொடுத்தார், கடைசி நிமிடத்தில் தானே கோட்டைத் தாண்டிப் புகுந்து வெற்றியும் கொடுத்தார். மறுபடியும் ஜாக்சன்வில், மறுபடியும் பிரௌனிங். சேஸ் 14 பிடிப்பு, 165 யார்டு, ஒரு டச்டவுன்.

புலிப்பல் | 15 செப்டம்பர் 2025

ஜூலையிலேயே சொன்னேன், அந்தப் பெயரை எடுக்காதீர்கள் என்று.

கணக்கர் | 16 செப்டம்பர் 2025

சட்டி உடைந்தது. மறுபடி வனைகிறேன்.

வீச்சு 600 அப்படியே இருக்கட்டும், பின்தங்கும் அணி எறிந்துதான் ஆக வேண்டும். வீச்சுக்கு 7.4 என்பதை 6.7 ஆக்குகிறேன். 2023-ல் பிரௌனிங்குக்குக் கிடைத்த 8-ஐ நம்பவில்லை, அது ஏழு ஆட்டம் மட்டுமே, எதிரணிகளிடம் அவருடைய ஆட்டத்தின் காணொளிப் பதிவும் அப்போது அதிகம் இல்லை. மொத்தம் 4,020. டச்டவுன் 26.

பங்கீட்டில்தான் எனக்கே வியப்பு. சேஸின் பிடிப்பை 106-லிருந்து 115 ஆக ஏற்றுகிறேன், யார்டை 1,310 ஆக இறக்குகிறேன், டச்டவுன் 9. பதற்றத்தில் இருக்கும் குவாட்டர்பேக் தனக்கு நன்றாகத் தெரிந்த ஆளையே முதலில் தேடுவார், அதுவும் பக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை வந்த 14 பிடிப்பு அதைத்தான் காட்டியது. அடி வாங்கப்போவது ஹிக்கின்ஸ். அவர் உயிர் வாழ்வதே ஓரக்கோட்டை ஒட்டி ஆழமாக, உயரமாக எறியப்படும் பந்தில். பர்ரோவைப் போல அதை எறிய ஆள் இல்லை. 850 யார்டு.

புதுமுகம் | 16 செப்டம்பர் 2025

ஒரே வாரத்தில் பன்னிரண்டாவது இடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு வந்துவிட்டேன். மகிழ்வதா, துக்கம் கொண்டாடுவதா என்று தெரியவில்லை. கெசிக்கியை விட்டுவிடலாமா?

மேசன் வாசி | 16 செப்டம்பர் 2025

விடுங்கள்.

அண்டங்காக்கை | 16 செப்டம்பர் 2025

அட்டவணையைப் பார்த்தேன். நவம்பர் 27, நன்றி நவிலல் நாள் இரவு, எங்கள் ஊரில் உங்களோடு ஆட்டம். மூன்று மாதம் என்றால் அதற்குள் பர்ரோ வரமாட்டார். அன்று பிரௌனிங்தான் எறிவார் என்று எழுதிக்கொள்ளலாமா கணக்கரே?

கணக்கர் | 16 செப்டம்பர் 2025

பென்சிலால்.